மிட்டாய்க் கடை முன்னால் நின்றவன்



"பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி" என்று நீங்கள் யாரையாவது சொல்லியிருப்பீர்கள். இல்லையென்றால் உங்களை யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. அந்த மனிதன் செய்த குற்றம்தான் என்ன? திருடினானா, கடன் சொன்னானா? பாட்டிலில் இருந்த மிட்டாயைக் கண் விரியப் பார்த்தான், அவ்வளவுதான். ஆச்சரியத்தை மறைக்கத் தெரியவில்லை. அதற்குப் போய் ஒரு வசவு!

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பட்டி என்றால் ஆடு மாடுகளை அடைத்து வைக்கும் இடம். மாட்டுப் பொங்கலை யாழ்ப்பாணத்திலும் கொங்கு நாட்டிலும் பட்டிப் பொங்கல் என்பார்கள். சிற்றூருக்கும் பட்டி என்றே பெயர். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று பஸ் போர்டு முழுக்கப் பட்டிகள்தான்.

அடுத்தது காடு. சென்னையில் இருப்பவருக்குக் காடு என்றதும் யானையும் புலியும் ஞாபகம் வரும். ஆனால் கொங்குப் பக்கமோ கரிசல் பக்கமோ, விடிகாலையில் தூக்குவாளியோடு "காட்டுக்குப் போறேன்" என்று கிளம்புகிற அம்மா புலி பார்க்கப் போகவில்லை. களை எடுக்கப் போகிறார். மானாவாரி நிலத்துக்கு அங்கே காடு என்றுதான் பேர். சோளக்காடு, பருத்திக்காடு, கடலைக்காடு.

அப்படியானால் பட்டிக்காட்டான் யார்? பட்டியில் மாடும் காட்டில் வெள்ளாமையும் வைத்திருப்பவன். மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் இப்படி விரித்துச் சொல்லிப் பாருங்கள், நல்ல இடம் என்று தாம்பூலம் மாற்றிவிடுவார்கள். சேர்த்துச் சொன்னால் மட்டும் வசவு.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. சினிமாவில் கதாநாயகியைக் கடத்துகிறாரே வில்லன், அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் இடைக்கால ஐரோப்பாவில் பண்ணையில் உழுதுகொண்டிருந்த ஒரு சாதாரண ஆள் நிற்கிறான். உழைத்தவன் பெயரையே கெட்டவனுக்கு வைத்துவிட்டார்கள்.

சரி, பட்டிக்காட்டானிடம் இல்லை என்கிறோமே நாகரிகம், அது எங்கிருந்து வந்தது? நகரத்திலிருந்து. சொல்லுக்குள்ளேயே நகர் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் திருக்குறளில் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளைப் புரட்டுங்கள். பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகும், முகம் முறிக்காமல் வாங்கிக் குடிக்கிற தாட்சண்யத்துக்கு வள்ளுவர் நாகரிகம் என்று பெயர் சொல்கிறார். நற்றிணை 355ஆம் பாட்டிலும் கிட்டத்தட்ட இதே கருத்து, இதே சொல். நகரத்து வாடையே அதில் இல்லை. உடுப்பு, உச்சரிப்பு எல்லாம் அதில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

பண்பாடு என்ற சொல்லின் கதை இன்னும் ருசி. 'கல்ச்சர்' என்பதற்கு நிகராக அதை வழக்கில் கொண்டுவந்தவர் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. என்பார்கள். நிலத்தைப் பண்படுத்துகிறோமே, அந்தப் பண்படுத்தல்தான் அதற்குள் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் உழவுதான். ஆகக்கூடி, "பண்பாடு இல்லாத பட்டிக்காட்டான்" என்று ஒருவர் திட்டினால், காட்டை உழுகிறவனைப் பார்த்து உனக்கு உழவு தெரியாது என்கிறார்!

1972இல் சிவாஜியும் ஜெயலலிதாவும் நடித்த 'பட்டிக்காடா பட்டணமா' படத்தின் தலைப்பே ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்குக் கோவில்பட்டி பஸ் நிலையம்தான் பிடிக்கும். பேரிலேயே பட்டி உள்ள ஊர். அந்த ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கடலைக்காட்டில் விளைந்த கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்த மிட்டாயை, பஸ் ஐந்து நிமிஷம் நிற்கும்போது வாங்க இறங்குவார்கள். சென்னைக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள். எந்தக் கடையில் வாங்குவது என்று தெரியாமல், அடுக்கி வைத்த பாக்கெட்டுகளைப் பார்த்தபடி நிற்பார்கள்.

அந்தப் பார்வையைக் கவனித்திருக்கிறீர்களா?