ஞாயிறு காலை எட்டு மணி



கிறிஸ்தவ நெறி ஆட்சி அதிகாரத்தை எப்படித் தட்டிக் கேட்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். முறைப்படி ரோமப் பேரரசர்களிடமிருந்து தொடங்க வேண்டும். 390ஆம் ஆண்டு, தெசலோனிக்கேயில் நடந்த படுகொலைக்காகப் பேரரசர் தியோடோசியுசைத் தவம் செய்ய வைத்தார் மிலான் ஆயர் அம்புரோஸ். அதை இந்த ஒரு வரியோடு விட்டுவிட்டு எல் சால்வடோருக்குப் போகிறேன். அங்கே ஒரு பேராயர் வானொலியில் பேசினார். தொழில் பாசம், பொறுத்துக்கொள்ளுங்கள்!

மத்திய அமெரிக்காவின் சின்னஞ்சிறு நாடு. அப்போது காப்பித் தோட்டங்கள் சில குடும்பங்களிடம், ஆட்சி ராணுவத்திடம். 1977 பிப்ரவரியில் ஆஸ்கர் ரொமேரோ தலைநகர் சான் சால்வடோரின் பேராயரானபோது தோட்ட முதலாளிகளுக்கு நிம்மதி. செபமும் புத்தகமுமாக இருப்பவர், வம்புக்கு வரமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. மார்ச் 12ஆம் தேதியே கணக்கு தப்பியது. கரும்புக் கூலிகளோடு நின்ற ருத்திலியோ கிராந்தே என்ற இயேசு சபைக் குருவை, கூட வந்த முதியவரோடும் சிறுவனோடும் சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். ரொமேரோவின் நெருங்கிய நண்பர் அவர். மார்ச் 20, ஞாயிறு, மறைமாவட்டம் முழுவதற்கும் பேராலயத்தில் ஒரே ஒரு திருப்பலி என்று அறிவித்தார் ரொமேரோ. கொலையை விசாரிக்கும்வரை அரசு விழாக்களுக்கு வரமாட்டேன் என்றார். புதிய அதிபரின் பதவியேற்புக்கும் போகவில்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு காலை எட்டு மணித் திருப்பலி, ஒய்.எஸ்.ஏ.எக்ஸ். என்ற மறைமாவட்ட வானொலியில் நேரடி ஒலிபரப்பு. மறையுரை பல நாள் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். (எனக்குப் பத்து வினாடி கூடினாலே கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டிவிடுவார்கள்.) முதலில் அன்றைய வேத வாசகத்துக்கு விளக்கம். பிறகு அந்த வாரத்து நடப்பு. யாரைக் கொன்றார்கள், யாரைப் பிடித்துப் போனார்கள், எந்த ஊர், எந்த நாள் என்று பெயர் பெயராக வாசிப்பார்.

நானும் பெயர் வாசித்தவன்தான். புயல் காலத்தில், கரை திரும்பாத மீனவர்களின் பட்டியல் வரும். "தகப்பன் பேரை விடாதீங்க தம்பி, ஒரே ஊர்ல மூணு அந்தோணி இருப்பாங்க" என்பார் எங்கள் மூத்த அறிவிப்பாளர். செய்தி முடிந்ததும் தொலைபேசி அடிக்கும். "அந்தக் கடைசிப் பேரை இன்னொரு தரம் சொல்லுங்க சார்" என்று ஒரு பெண் குரல். அதற்காக என்னை யாரும் மிரட்டியதில்லை. சான் சால்வடோரில் நிலைமை வேறு. ஒருவன் பிடிபட்டான் என்று பெயரோடு சொன்னாலே, பிடிபட்டவன் எங்கே என்ற கேள்வி வந்துவிடும். கடவுள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. வழிபாட்டில் எல்லாரும் சொல்வதுதான். தங்களிடம் இல்லையென்று ராணுவம் சாதித்தவர்களின் பெயர்களை ரொமேரோ மைக் முன்னால் வாசித்தபோதுதான் அது ஆள்பவர்களுக்குச் சுட்டது.

1980 பிப்ரவரியில் அந்த நிலையத்துக்குக் குண்டு வைத்தார்கள். கோஸ்டாரிகாவிலிருந்து ஒரு சிற்றலை நிலையம் அவர் உரையை ஒலிபரப்பியது. முள்ளைத் திருகித் திருகிச் சிற்றலை பிடித்த நேயர்களுக்கு அந்தக் கரகரப்பு நினைவிருக்கும்.

மார்ச் 23, தவக்காலத்து ஞாயிறு. அன்று உரையின் முடிவில் அவர் சாதாரணச் சிப்பாய்களைப் பார்த்துப் பேசினார். சுடச் சொல்வது தளபதி, ஆனால் சுடுகிற விரல் சிப்பாயுடையதுதானே! நீங்கள் கொல்கிற விவசாயி உங்கள் சொந்தச் சகோதரன்; கொல் என்று மனிதன் இடும் ஆணைக்கு மேலே கொல்லாதே என்ற கடவுளின் சட்டம் இருக்கிறது, அதற்கு எதிரான ஆணைக்கு எந்தச் சிப்பாயும் கட்டுப்பட்டவனல்ல என்றார். அடக்குமுறையை நிறுத்துங்கள் என்று கடவுள் பெயரால் கட்டளையிட்டார். அந்த ஒலிப்பதிவைக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. கைதட்டல் குறுக்கே விழ விழ, குரல் படிப்படியாக ஏறுவது மட்டும் நன்றாகவே புரிந்தது.

மறுநாள் மாலை, தாம் குடியிருந்த புற்றுநோய் மருத்துவமனையின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அடக்கத் திருப்பலிக்குக் கூடியவர்கள் மீதும் குண்டு விழுந்தது. ஆணையிட்டவர் முன்னாள் ராணுவ அதிகாரி ராபர்ட்டோ தோபுய்சோன் என்று 1993இல் ஐ.நா. உண்மை ஆணையம் கூறியது. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் ரொமேரோவைப் புனிதராக அறிவித்தார்.

கண்ணாடிக்கு அப்பால் கை உயர்ந்துவிட்டது. அம்புரோசுக்கு இன்னொரு நாள் நேரம் தருவார்கள் என்று நம்புகிறேன். அதற்குள் ரொமேரோவின் அந்த ஒலிப்பதிவை நீங்களும் தேடிக் கேளுங்கள்.