கிணற்றடிப் பாத்தியும் பச்சைச் சம்பலும்



சோற்றுக்குத் துணையாகப் பச்சை இலையை உண்ணும் வழக்கம் இலங்கைத் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. மேல்நாட்டார் சலாது என்று கொள்வதை இந்நாட்டு இல்லங்கள் சம்பலென்றும் பச்சடியென்றும் நெடுங்காலமாக உண்டு வந்துள்ளன. ஆயினும், விருந்தென்றவுடன் நுவரெலியாவிலிருந்து வந்து, வழியிலே வாடி, விலை மட்டும் வாடாத சலாது இலையைத் தேடுவோர் பலர். வெளிறிய அந்த இலையில் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பங்கு நீரே. கிணற்றடியில் தழைக்கும் வல்லாரையிலும் பொன்னாங்காணியிலும் இரும்பும் கல்சியமும் கரோட்டீனும் அதனினும் மிகுதியாக உள்ளன.

கீரையின் அருமை பஞ்சத்திலே தெரிகின்றது. 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட நூற்றுக்கு 94.9 வீதம் உயர்ந்திருந்தது. அவ்வாண்டிலேயே, வீட்டுத் தோட்டஞ் செய்தற்பொருட்டு அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் அரசாங்கம் தீர்மானித்தது. மீனும் முட்டையும் எட்டாத வீட்டில் முதலில் வாடுபவர் தாயும் பிள்ளையுமே. விலை ஏறும்போது மண்வெட்டியைத் தேடி, இறங்கும்போது அதனை மூலையிற் சார்த்தி வைப்பது தோட்டமாகாது. கீரைப் பாத்தி எக்காலத்தும் வீட்டின் ஓர் உறுப்பாதல் வேண்டும்.

எந்தக் கீரையைத் தெரிவு செய்வது? பச்சையாக உண்ணுங் கீரை மென்மையானதாகவும், கொய்யக் கொய்யத் துளிர்ப்பதாகவும், விதைக்குப் பணஞ் செலவிட வையாததாகவும் இருத்தல் நன்று. வல்லாரை, பொன்னாங்காணி, புதினா ஆகிய மூன்றும் இத்தகுதிகளை உடையன. முருங்கை, அகத்தி, முசுட்டை, பசளி முதலியன வறைக்கும் சொதிக்கும் உரியன. அவற்றை வேலியோரத்தில் வளர்த்து, அடுப்பிலேற்றி உண்பதே முறை.

வல்லாரையை அதன் ஓடுகொடியின் கணுக்களிலிருந்தும், பொன்னாங்காணியையும் புதினாவையும் தண்டுத் துண்டுகளிலிருந்தும் வளர்க்கலாம். மூன்றடி அகலமும் ஆறடி நீளமுமுள்ள பாத்தி ஒரு சிறு குடும்பத்திற்குத் தொடக்கமாக அமையும். நன்கு மக்கிய கூட்டெருவை மண்ணோடு கலந்து, ஒரு சாணுக்குக் குறைந்த இடைவெளியில் நடுக. வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி மழையின் தொடக்கம் இதற்கு ஏற்ற காலம். கோடையில் வாழையின் அரைநிழல் வல்லாரைக்கு உதவும். பொன்னாங்காணி ஒன்றரை மாத அளவிலும், வல்லாரை இரண்டு மூன்று மாதங்களிலும் முதற் கொய்வுக்கு வரும். வேரோடு பிடுங்காது, மேலே அறுத்தெடுத்தால் மீண்டுந் தழைக்கும். காணியில்லாதார் அடியில் துளையிட்ட பழைய வாளியிலோ தகரத்திலோ வளர்க்கலாம்.

இனி, மறக்கலாகாத ஒன்று உண்டு. சமைத்த கீரையைத் தீ தூய்மை செய்கின்றது. பச்சைக் கீரைக்கு அக்காவல் இல்லை. அது குடித்த நீரே அதனை உண்பவர் குடிக்கும் நீராகின்றது. நகரத்துக் கழிவுநீர்க் கால்வாய்களின் ஓரத்தில் வளரும் கங்குன் முதலிய கீரைகள் நோய்க்கிருமிகளைச் சுமப்பதோடு, ஈயம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சிக் கொள்ளக்கூடும். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக மேல்நிலத்து அழுக்கு விரைவில் நிலத்தடி நீரைச் சென்றடையும். ஆதலின் பாத்தி மலக்குழிக்கு அண்மையில் இருத்தலாகாது. குளித்த சவர்க்கார நீர் வாழைக்குப் போகட்டும். சம்பற் கீரைக்குத் தூய நீரை வார்த்தல் வேண்டும். பச்சைச் சாணத்தையும் அதன்மேல் இடலாகாது.

கொய்த இலையை ஒவ்வொன்றாக ஓடும் நீரிற் கழுவி, இறுதியில் கொதித்தாறிய நீரில் அலசுக. உப்புநீர் சிறு பூச்சிகளை அகற்ற உதவுமேயன்றி எல்லாக் கிருமிகளையும் கொல்லாது. எங்கே விளைந்ததென்று அறிந்த இலை சம்பலுக்கு. அறியாத இலை வறைக்கு. இவ்வொரு விதியை இல்லத்தரசியர் மனத்திற் கொண்டாற் போதும்.

சம்பல் செய்யும் முறையிலும் முன்னோரின் அறிவு புலப்படுகின்றது. பொடியாக அரிந்த வல்லாரையோடு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு என்பவற்றைச் சேர்த்துத் தேசிக்காய்ப் புளி விடுவர். விரும்புவோர் மாசியும் இடுவர். கீரையிலுள்ள இரும்பு எளிதில் உடலிற் சேர்வதன்று; தேசிக்காயின் விற்றமின் சீ அதனைச் சேர்ப்பிக்கின்றது. மாசியும் அவ்வாறே துணை செய்யும். கரோட்டீனை உடல் ஏற்பதற்குக் கொழுப்பு வேண்டும். அதனைத் தேங்காய் தருகின்றது. இவ்வளவுஞ் செய்து, உண்ட கையோடு சாயத் தேநீர் குடித்தால், அத்தேநீர் இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நன்று.

கீரையொன்றே குருதிச்சோகையைத் தீர்த்துவிடும் என்று எண்ணுதலும் தவறு. சிகிச்சை நிலையத்திற் கொடுக்கும் இரும்பு மாத்திரையைக் கருவுற்ற தாய்மார் தவறாது உட்கொள்ளல் வேண்டும். கீரை அதற்குத் துணையேயன்றி மாற்றன்று.

பாத்தியைப் பேணும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தல் சாலச் சிறந்தது. கீரையென்றால் முகஞ் சுளிக்கும் சிறுவனும், தன் கையால் நட்டு நீரூற்றியதைச் சுவைத்துப் பார்க்க விரும்புவான். அயலவர் வீட்டுப் பாத்தியிலிருந்து நான்கு வல்லாரைக் கொடிகளைக் கேட்டு வாங்கி, அவன் கையில் கொடுத்து நடச் செய்யுங்கள். சில மாதங்களில் அவனுடைய சம்பல் உங்கள் இலைக்கு வரும்.