மெசேட்டாவின் நண்பகல்

இயேசுவின் பன்னிரு திருத்தூதருள் ஒருவரும், தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று போற்றும் புனிதருமான யாக்கோபின் கல்லறை ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரில் இருப்பதாக ஒன்பதாம் நூற்றாண்டில் பரவிய நம்பிக்கையே, அந்நகரை நோக்கிப் பல திசைகளிலிருந்தும் செல்லும் ‘கமினோ’ என்னும் திருப்பயணப் பாதைகளை உருவாக்கியது. அவற்றுள் புகழ்பெற்றதான ‘பிரெஞ்சு வழி’, பிரான்சின் எல்லையோர ஊர் ஒன்றில் தொடங்கி, பிரனீஸ் மலைத்தொடரைக் கடந்து, ஏறத்தாழ 780 கி.மீ. நீள்கிறது.

இவ்வழியின் மலைகளும் திராட்சைத் தோட்டங்களும் பேராலயங்களும் பல உரைகளுக்குப் பொருளாகக் கூடியவை. ஆயினும் நடப்பவரின் உள்ளத்தில் நிகழ்வதை அறிய விரும்பும் நேயர்கள் கவனிக்க வேண்டிய இடம், பூர்கோஸ், லெயோன் என்னும் நகரங்களுக்கிடையே விரியும் ‘மெசேட்டா’ என்னும் மேட்டுச் சமவெளியே. தானிய வயல்களும் வானமுமன்றி வேறு காட்சி அரிதாகிய இவ்வெளியில், கர்ரியோன் என்ற சிற்றூரைக் கடந்தபின் பழைய ரோமானியச் சாலையின் வழியே ஏறத்தாழ 17 கி.மீ. தொலைவுக்கு ஓர் ஊரும் குறுக்கிடுவதில்லை. பார்க்க ஒன்றுமில்லை என்று கருதிப் பலர் இப்பகுதியைப் பேருந்தில் கடந்துவிடுகின்றனர்.

பார்க்க ஒன்றுமில்லாமையே இங்கு ஆன்மிகப் பயிற்சியாகிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ், ‘அசெடியா’ என்னும் ஆன்மச் சோர்வை நண்பகலில் தாக்கும் பேயாகக் கண்டார். கதிரவன் நகராததுபோல் தோன்றுவதும், உடனுறை சகோதரர்மீது கசப்பு எழுவதும், வேறோர் இடத்தில் இறைவனை எளிதாக அடையலாமென்று மனம் ஆசைகாட்டுவதும் அதன் குறிகள் என்றும், குடிலைவிட்டு அகலாதிருப்பதே அதற்கு மருந்து என்றும் அவர் கற்பித்தார். மெசேட்டாவில் நடப்பவர்க்குக் குடிலில்லை; ஆனால் பாதையைவிட்டு விலகாதிருப்பது அவருக்கு அதே நோன்பாகிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த வேண்டுதல்களைச் சொல்லி முடித்தபின், அடிவைப்புக்கு ஏற்ப ஓடும் செபமாலையும் ஒரு கட்டத்தில் நின்றுபோக, மன்னிக்கப்படாத பழைய சண்டைகளும், சொல்லாமல் விட்ட நன்றிகளும் ஒவ்வொன்றாக மேலெழுகின்றன. திசைதிருப்பக் காட்சி ஏதுமின்மையால் அவற்றை நேருக்கு நேர் காண்பதன்றி வழியில்லை. அது செபம்தானா என்று ஐயுறும் நேயர்கள், திருப்பாடல்களுள் கணிசமானவை புலம்பலும் சினமும் முறையீடுமாக அமைந்திருப்பதை நினைவுகூரலாம்.

இத்தனிமைக்கு மாலையில் ஒரு மறுபக்கம் உண்டு. ‘அல்பெர்கே’ எனப்படும் பயணியர் விடுதிகளில் முன்பின் அறியாதோர் ஒரே மேசையில் அமர்ந்து உண்கின்றனர். கர்ரியோனில் அகுஸ்தினார் சபை அருட்சகோதரியர் பயணிகளோடு சேர்ந்து பாடுவதுமுண்டு. எம்மாவு ஊருக்கு நடந்த சீடர் இருவர், வழித்துணையாய் வந்த உயிர்த்த இயேசுவை வழியில் அறியாமல், அப்பம் பிட்கும்போதே கண்டுகொண்டனர் என்று லூக்கா நற்செய்தி கூறுவதன் பொருள், பகலெல்லாம் வாய்மூடி நடந்தவர்க்கு இம்மேசையில் எளிதில் விளங்குகிறது.

பயணிகள் தம் ஊரிலிருந்து கொணர்ந்த கல்லை வைத்துச்செல்லும் இரும்புச் சிலுவையையும், மழை மிகுந்த கலீசியா என்னும் பகுதியையும் விரித்துரைக்க நேரம் இடந்தராது. எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ‘கொம்போஸ்தெலா’ என்னும் பயணச் சான்றிதழைப் பெறக் குறைந்தது 100 கி.மீ. நடந்தால் போதும் என்பதால், சர்ரியா என்னும் ஊரில் தொடங்குவோர் மிகப் பலர். மெசேட்டாவோ புனித நகருக்கு 300 கி.மீ.க்கும் அப்பால் கிடக்கிறது. சான்றிதழுக்குத் தேவைப்படாத அந்த வெற்றுவெளியையும் பேருந்து ஏறாமல் நடந்தே கடக்கும் பொறுமை, என்றேனும் அவ்வழி செல்லும் நேயர்களுக்கு வாய்க்கட்டும்.