மிச்சம் நாலு ஜோடிக்கும் ஒரு பெட்டி

ஆம்பூர்னு சொன்னதும் உங்களுக்கு பிரியாணி ஞாபகம் வந்திருக்கும். எனக்கு இன்னைக்கு வேண்டியது அங்கே தயாராகிற ஷூவும், அதை அடுக்குகிற அட்டைப்பெட்டியும்தான்.

1000 ஜோடி ஷூ. ஒரு கார்ட்டனுக்கு 12 ஜோடின்னு வைத்துக்கொள்வோம். எத்தனை கார்ட்டன் வேணும்? பைத்தான்ல 1000 // 12 போட்டா 83 வரும். மிச்சம் 4 ஜோடி பேக்கிங் டேபிள் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதுக்கும் ஒரு பெட்டி வேணும், ஆக 84.

"அப்போ கடைசியில ஒண்ணு கூட்டிட்டா போச்சு!" புதுசா கத்துக்கிறவங்க பலரும் இதைத்தான் சொல்வாங்க. 996 ஜோடி கொடுத்துப் பாருங்க. சரியா 83 பெட்டி. ஒண்ணு கூட்டினா ஒரு காலிப்பெட்டி லாரி ஏறும்.

வகுக்கிறதுக்கு முன்னாடி 11 கூட்டணும்: (ஜோடி + 11) // 12. மிச்சம் ஒரே ஒரு ஜோடின்னாலும் அந்த 11-உடன் சேர்ந்து 12 ஆகி, புதுப் பெட்டியைத் திறந்துடும். மிச்சமே இல்லைன்னா வெறும் 11 திறக்காது. பெட்டிக்கு 10 ஜோடின்னா 9 கூட்டுங்க.

-(-1000 // 12) என்று ஒரு குறுக்குவழியும் உண்டு. பைத்தான் எப்பவும் கீழ்நோக்கிப் போகும். -84 வரும், குறியை மாத்தினா 84. ஆனா பிளஸ் ஒன்ல படிச்ச சி பிளஸ் பிளஸ்ல இதை நம்பாதீங்க. அங்கே முழு எண் வகுத்தல் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டும், திரும்பவும் 83தான். (அங்கே வகுத்தலுக்கு ஒத்தைச் சாய்கோடு. ரெண்டு போட்டா அது கமெண்ட் ஆயிடும்!)

எல்லாத்தையும் மேல்நோக்கி ரவுண்ட் பண்ணவும் கூடாது. கையில் இருக்கிற தோலில் எத்தனை ஜோடி வெட்டலாம்னு கேட்டா, கீழ்நோக்கித்தான். அரை ஜோடியை யாரும் வாங்க மாட்டாங்க. அதே ஆர்டருக்கு எத்தனை தோல் வாங்கணும்னு கேட்டா, மேல்நோக்கி.

நிஜமா அடி விழுற இடம் வேற. 6 சைஸ், ஒவ்வொண்ணுலயும் 50 ஜோடி, மொத்தம் 300. 12-ஆல வகுத்தா மிச்சமே இல்லை, 25 பெட்டி. ஆனா வாங்குறவர் ஒரு பெட்டியில் ஒரே சைஸ்தான் இருக்கணும்னு சொல்லியிருந்தா? 50 ஜோடிக்கு 5 பெட்டி, ஆறு சைஸுக்கு 30. ஃபார்முலா ரெண்டு தடவையும் சரிதான். ஆனா 25 பெட்டிக்கு இடம் பிடிச்ச லாரி வாசலில் நிற்கும்போது, 5 பெட்டி தரையில் கிடக்கும். அதனால ரவுண்ட் பண்றதை லூப்புக்கு உள்ளே, சைஸ் சைஸா பண்ணுங்க. மொத்தம் கூட்டறது அதுக்கப்புறம்.