மிகையான துணைகள்



ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்றபின், ‘கோ’ என்னும் கணிப்பொறி மொழியைப் பயின்றேன். 2009-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தார் வெளியிட்ட மொழி அது. 2021-இல் அம்மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். எங்கள் ஊர் மாலை வகுப்பில் தேர்ச்சி பெற்ற மாணவர் பெயர்களை வரிசைப்படுத்தித் தருவதே அதன் வேலை. அதனைச் சரிபார்க்கச் சோதனை நிரல் ஒன்றும் எழுதினேன்.

விடைத்தாளைத் திருத்த மாதிரி விடை வேண்டுமல்லவா? சோதனை நிரலும் அவ்வாறே, வரவேண்டிய பட்டியலையும் வந்த பட்டியலையும் ஒப்பிட வேண்டும். அதற்கெனத் துணைச் சார்புகள் மூன்று வரைந்தேன்: முழு எண்களுக்கு ஒன்று, பின்ன எண்களுக்கு ஒன்று, பெயர்களுக்கு ஒன்று. பல வகைக்கும் பொதுவாக ஒன்றையே எழுத அக்காலத்தில் எளிய வழி இல்லை. 2022 மார்ச்சில் வந்த 1.18-ஆம் பதிப்பு அவ்வழியைத் திறந்தது. 2023 ஆகஸ்டில் வந்த 1.21-ஆம் பதிப்போ, ‘ஸ்லைசஸ்’ என்ற தொகுப்பில் ‘ஈக்வல்’ என்னும் சார்பை ஆயத்தமாகவே அளித்தது. நானோ, ஓடுகிற வண்டி ஓடட்டும் என்று பழையவற்றை விட்டுவைத்தேன்.

2024-இல் நிரலில் ஒரு திருத்தம் செய்தேன். சோதனை தேறியது, பட்டியலைச் சுவரில் ஒட்டினோம். மறுநாள் ஒரு மாணவி வந்து, “ஐயா, என் பெயரைக் காணோம்” என்று தலைகுனிந்து நின்றாள். அவள் தேறியவளே. பட்டியலில் கடைசியாக வரவேண்டிய பெயர் அவளுடையது; என் திருத்தம் அதனை விழுங்கிவிட்டது.

சோதனை ஏன் இதனைப் பிடிக்கவில்லை? பெயர்களுக்கான என் சார்பு, வந்த பட்டியல் முடியும்வரை மட்டுமே ஒப்பிட்டது. இரண்டின் நீளத்தைப் பார்க்கவே இல்லை. மற்ற இரு சார்புகளும் நீளத்தைப் பார்த்தன. ஒரே வருகையை மூன்று பதிவேடுகளில் எழுதினால் நேர்வது இதுதான்.

மூன்றையும் அடித்துவிட்டு ‘ஈக்வல்’ சார்பை இட்டேன். அது முதலில் நீளத்தையே ஒப்பிடும். சோதனை உடனே தோல்வி காட்டியது, பிழையைக் களைந்தேன்.

துணைச் சார்புகள் யாவும் வீண் என்பதன்று என் கருத்து. மாதிரி வகுப்பு ஒன்றை அமைத்துத் தரும் சார்பை வைத்துக்கொண்டேன்; அவ்வேலையை மொழி எனக்காகச் செய்யாது. மொழி தானே செய்யும் வேலைக்கு நாம் ஓர் ஆளை அமர்த்தினால், அந்த ஆளைச் சோதிக்கும் பொறுப்பும் நம்மையே சேரும்.

அம்மாணவியின் பெயரை அன்றே என் கையால் எழுதிச் சேர்த்தேன். கடைசிப் பெயர் விடுபடாதிருத்தல் வேண்டும் என்பது இன்று என் சோதனை நிரலின் முதல் வினா.