நடுங்கும் கையிலும் ஆண் கை, பெண் கையா?

(சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் குடிநீரைப் பற்றிப் பேசியிருக்கிறோம், குடிசை இடிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதிலும் அரசியலா என்பவர்கள் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

நடுக்குவாதம் என்று நாம் சொல்வதை, 1817-ல் அதை விவரித்து எழுதிய இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் பெயரால் உலகம் அழைக்கிறது. மூளையில் டோப்பமின் என்ற பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன. கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, நடை சுருங்குகிறது. லெவோடோபா மாத்திரை சில ஆண்டுகள் நன்றாகக் கைகொடுக்கும். (நம் ஊர் வேலியில் படரும் பூனைக்காலி விதையில் அந்த லெவோடோபா இருப்பதை 1937-லேயே சென்னையில் கண்டறிந்தார்கள். அதற்காக யாரும் விதையை அரைத்துக் குடிக்கக் கிளம்ப வேண்டாம்!) பிறகு மாத்திரை வேலை செய்யும் நேரம் குறைந்துகொண்டே போகும். வேலை செய்யும் நேரத்திலோ உடம்பு தானாக நெளிந்து ஆடும். இந்த ஆட்டம் பெண்களுக்கே அதிகம். எடை குறைந்த உடம்பில் அதே மாத்திரை கூடுதலாக ஏறுவது ஒரு காரணம்.

அந்தக் கட்டத்துக்குத்தான் அறுவை இருக்கிறது. பிரான்சில் கிரனோபிள் நகரில் பெனபிட் என்ற மருத்துவர் 1987-ல் தொடங்கிய முறை. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளையின் ஆழத்துக்கு மெல்லிய கம்பியை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் ஒரு பேட்டரிக் கருவியோடு இணைக்கிறார்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைப்பது போலத்தான். நோய் குணமாகாது. ஆனால் தன் சோற்றைத் தன் கையால் அள்ளித் தின்னும் ஆண்டுகள் கூடும். அதற்கும் பருவம் உண்டு. நினைவு மங்கிய பிறகு, நோய் மிக முற்றிய பிறகு செய்ய மாட்டார்கள்.

இந்த நோய் ஆண்களுக்குச் சற்று அதிகம். ஏறத்தாழ மூவருக்கு இருவர் என்ற கணக்கு. ஆகவே அறுவைப் பட்டியலில் பெண் பெயர் குறைவாக இருப்பதை மட்டும் வைத்து அநீதி என்று நாம் கூவவில்லை. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் இருந்த ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். நோயாளிகளின் வயதைக் கணக்கில் கொண்ட பின்னரும், பெண்ணுக்கு இந்த அறுவை கிடைக்கும் வாய்ப்பு ஆணைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு! கறுப்பின மக்களுக்கோ மிக மிகக் குறைவு. எல்லோர் கையிலும் ஒரே காப்பீடு இருந்த இடத்திலேயே இந்தக் கதி.

ஏன்? சுவீடனில் உமியா பல்கலைக்கழகத்தார் அறுவை செய்துகொண்டவர்களை உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார்கள். ஆண்கள் பலர் தாமே முன்வந்து கேட்டவர்கள். பெண்களிடம் தயக்கம் அதிகம், காத்திருந்தவர்கள் அதிகம். சமத்துவம் பேசும் சுவீடனிலேயே அப்படியென்றால் தாராவியில் எப்படி இருக்கும்?

அப்பாவுக்குக் கை நடுங்கினால் மகன் லீவு போடுகிறான். அம்மாவுக்கு நடுங்கினால், "வயசாயிடுச்சு, இனிமே அடுப்பாண்ட போகாதே" என்கிறோம். அறுவைக்குப் பிறகு கருவியைச் சரிசெய்ய மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அவரைப் பார்த்துக்கொள்ள மனைவி இருக்கிறாள். கணவனை இழந்த அவளை மின்சார ரயிலில் யார் கூட்டிப்போவது? தலைமுடியை மழிப்பார்களே என்று ஒரு பேச்சு வேறு. பழனிக்கும் திருப்பதிக்கும் முடி கொடுக்கிற நாம், ஆஸ்பத்திரியில் மட்டும் அதை அமங்கலம் என்கிறோம்.

பணம் பெரிய சுவர்தான், மறுக்கவில்லை. தனியார் மருத்துவமனையில் கருவியும் அறுவையும் சேர்ந்து பத்து இலட்சத்தைத் தாண்டிவிடுகிறது. 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் தருவது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம். குடும்பத்துக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள், தாய்மார்களே! ஒரே பானைச் சோறு. அதில் கடைசியாகத் தட்டை நீட்டுவது யார் என்று உங்களுக்குத் தெரியும். பிழைக்க வந்த நமக்கு இன்னொரு வம்பு: குடும்ப அட்டை ஊரில், நோயாளி இங்கே. வீட்டுவேலை செய்யும் நம் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இவை. இந்தக் கருவிக்குக் காப்பீட்டில் தனித்தொகை வேண்டும். எந்த மாநில அட்டையும் எங்கும் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகள் இந்த அறுவைக்கு அனுப்பப்பட்டவர்களிலும், அறுவை பெற்றவர்களிலும் பெண்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இளைஞர் பிரிவுத் தோழர்கள் வீடுவீடாகப் போகும்போது கை நடுக்கமோ நடை சுருக்கமோ உள்ள தாய்மார்களின் பெயரையும் எழுதி வாருங்கள். நடுக்கமெல்லாம் இந்த நோயல்ல. மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு நோட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு உடம்பு கட்டிப்போனது என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பேத்தி எழுதித் தரட்டும். நரம்பியல் மருத்துவரிடம் துணைக்குச் சங்கத்திலிருந்து ஆள் வரும்.