அரிசி சுமந்த விமானங்கள்

 

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசிய பெரியவர்கள் அதை நன்றாகவே பேசிவிட்டார்கள். ஆகவே நான் வேறொன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விமானத்தைப் பற்றி. அதுவும் குண்டு போடும் விமானம் அல்ல. மூட்டை தூக்கும் விமானம்.

சிரிக்காதீர்கள், பிள்ளைகளே! ஆகாயப்படை என்றதும் உங்களுக்கு நினைவு வருவது சீறிப் பாயும் போர் விமானம்தான். படத்தில் காட்டுவதும் அதைத்தான். ஆனால் எந்தப் படையும் சோறில்லாமல் நடக்காது. அந்தச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் கதை நம் செமினிக்கு மிகவும் நெருங்கிய கதை.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்த நாட்டில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை 31இல்தான் அது முடிந்தது. பன்னிரண்டு வருடம்! கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்தார்கள். அவர்களைத் தேடிப் பட்டாளமும் காட்டுக்குள் போனது. போனவர்கள் பல நாள் திரும்ப மாட்டார்கள். சாலை கிடையாது, லாரி போகாது. முதுகில் தூக்கிய சாப்பாடு சில நாளில் தீர்ந்துவிடும். பிறகு என்ன செய்வது? வானத்திலிருந்துதான் சோறு வரவேண்டும்.

முதலில் டகோட்டா, பிறகு வாலெட்டா என்ற இரட்டை எஞ்சின் விமானங்கள் இந்த வேலையைச் செய்தன. கோலாலம்பூரின் பழைய விமானத் திடல் சுங்கை பீசியில் இருந்தது. அங்கிருந்து அதிகாலையில் கிளம்புவார்கள். ஏன் அதிகாலை? நம் மலைகளைப் பாருங்கள். பொழுது ஏற ஏற மேகம் திரண்டு மலை முகட்டை மூடிவிடும். அதற்குள் போய், காட்டில் வெட்டிவைத்த சின்ன இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே இருப்பவர்கள் புகை மூட்டி அடையாளம் காட்டுவார்கள். விமானம் மரத்தலைகளுக்குச் சற்று மேலே, சில நூறு அடி உயரத்தில் வரும். திறந்த கதவருகே நிற்கும் பட்டாளத்துச் சுமையாட்கள், விமானி சைகை கொடுத்ததும் மூட்டைகளைத் தள்ளுவார்கள். ஒரே சுற்றில் எல்லாவற்றையும் தள்ள முடியாது. திரும்பத் திரும்ப அதே பள்ளத்தாக்கில் வளைந்து வர வேண்டும். கொஞ்சம் பிசகினால் மூட்டை மரத்தில் தொங்கும். இன்னும் கொஞ்சம் பிசகினால் விமானமே மலையில் மோதும்.

இந்த வித்தையில் பெரும்பகுதி பர்மாப் போரில் கற்றது. அரிசியைச் சாக்கில் இறுகக் கட்டிப் போட்டால் கீழே விழுந்து வெடித்துச் சிதறும். அதனால் தளர்வாகக் கட்டி, அந்தச் சாக்கை இன்னொரு சாக்குக்குள் போட்டார்கள். உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கும். 1944 வாக்கில் பாராசூட்டுக்குத் துணி தட்டுப்பட்டபோது, தளபதி ஸ்லிம் கல்கத்தாச் சணல் ஆலைகளில் சணலிலேயே பாராசூட் செய்யச் சொன்னார். ஆட்கள் குதிக்க அது உதவாது. மூட்டை இறக்கத் தாராளமாகப் போதும். பட்டுத்துணி விலையில் ஒரு சிறு பங்குதான். நம் ஸ்டோரில் கிடக்கும் கோணிச் சாக்கு ஒரு படையைக் காப்பாற்றியது என்று சொன்னால் தவறில்லை.

மேலே இப்படி அரிசி பறந்துகொண்டிருந்தபோது கீழே நம் ஜனங்களின் நிலை என்ன? இங்குள்ள பாட்டிமாரைக் கேளுங்கள். லயத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி. அரிசிக்கு அளவு. வெட்டுக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம்! கடையில் டின் வாங்கினால் அங்கேயே அதில் ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள், சேர்த்து வைக்க முடியாதபடி. விடியற்காலையில் வாசலில் வரிசையாக நிறுத்திச் சோதனை. செமினியில் அந்தச் சோதனையில் பெண்கள் அவமானப்படுத்தப்பட்டார்கள் என்று பெரிய முறையீடு கிளம்பி, 1956இல் அரசாங்கமே விசாரணை வைத்து அறிக்கை வெளியிட்டது. நம் ஊர்ப் பெயர் அப்படித்தான் சரித்திரத்தில் ஏறியது.

ஒரே அரிசி. மேலே இருந்தவனுக்கு அது கடமை. கீழே இருந்தவளுக்கு அது குற்றம். அந்த விமானத்தில் போனவர்கள் நினைவுகளை எழுதிவைத்திருக்கிறார்கள். கூட்டம் கூடிப் பேசுகிறார்கள். ஆனால் பசியாறாமல் மரம் வெட்டப் போன நம் பாட்டியின் நினைவை யார் எழுதினார்கள்? இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருகிறேன்.

மூட்டை தூக்கிய விமானங்கள் வேறு வேலையும் செய்தன. துண்டுப் பிரசுரங்களைக் கொட்டின. ஒலிபெருக்கி கட்டிய விமானம் காட்டின் மேல் சுற்றிச் சுற்றி வந்து, சரணடையுங்கள் என்று பேசும். கீழே பிள்ளைகள், வானம் பேசுதுடா என்று ஓடியிருப்பார்கள்!

ஆபத்தும் குறைவில்லை. 1950 ஆகஸ்டு 25இல் ஒரு டகோட்டா கிளந்தானில் குவா மூசாங் பக்கம் காட்டில் விழுந்தது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். விமானம் ஓட்டியவர்கள், மூட்டை தள்ளுபவர்கள், அவர்களோடு போன உள்ளூர்க்காரர்கள் என எல்லோருமே. காடு அவர்களை வைத்துக்கொண்டது. அவர்களுடைய எலும்புகளை எடுத்து வந்து, கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தது 2012இல்தான். அறுபத்திரண்டு வருடம் கழித்து! நாம் காஜாங் வழியாகக் கோலாலம்பூர் போகும் பாதைதான் அது. அடுத்த முறை போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு துயரம் உண்டு. 2016 ஜூலை 22இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்குக் கிளம்பிய ஆன்டனோவ் சுமை விமானம் இருபத்தொன்பது பேரோடு கடலில் மறைந்தது. ஆழ்கடலில் அதன் சிதைவு கிடைத்த செய்தி 2024இல்தான் வந்தது. அதுவரை அந்தக் குடும்பங்கள் எப்படிக் காத்திருந்திருக்கும்!

இனி நம் நாட்டு ஆகாயப்படைக்கு வருவோம். சுதந்திரம் கிடைத்த மறு வருடம், 1958இல் அது பிறந்தது. அதன் முதல் விமானம் எது தெரியுமா? போர் விமானம் அல்ல, பிள்ளைகளே. டுவின் பயனியர் என்ற சின்னச் சுமை விமானம். குட்டையான ஓடுபாதையில் இறங்கும், ஏறும். காட்டுக் காவல் நிலையங்களுக்கும் ஒராங் அஸ்லி மக்கள் இருக்கும் இடங்களுக்கும் சாமான் கொண்டுபோக ஏற்றது. துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு லாங் ராஜாவாலி என்று பெயர் வைத்தார். நம் தமிழ் ராஜாளி அதில் ஒலிக்கிறதல்லவா? பிறகு 1966இல் கேரிபூ, 1968இல் நூரி ஹெலிகாப்டர், 1976இல் நான்கு எஞ்சின் ஹெர்குலிஸ் என்று வந்தன. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அச்சேவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோனவற்றில் நம் ஹெர்குலிஸ் விமானங்களும் உண்டு. சுங்கை பீசித் தளம் 2018இல் மூடப்பட்டுவிட்டது.

ஓய்வு பெற்ற சுமை விமானக்காரர்கள் பேச உட்கார்ந்தால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வார்கள். அமெரிக்க ஹெர்குலிஸ்காரர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் குப்பை அள்ளுகிறவர்கள். உருண்டையான உடம்புக்காக வாலெட்டாவுக்குப் பன்றி என்று பட்டப்பெயர். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஆகாயப்படையில் சுமை ஏற்றும் பொறுப்பில் இருந்தவர், கோப்பிக்கடையில் சொல்வார்: போர் விமானக்காரன் வந்தா எல்லாரும் எழுந்து நிப்பாங்களாம், நாங்க வந்தா, என்ன கொண்டு வந்தீங்கன்னு கேப்பாங்களாம். அப்புறம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, ஆனா யாரைப் பாத்துச் சந்தோஷப்பட்டாங்கன்னு நீங்களே சொல்லுங்க வாத்தியாரே என்பார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். இதை மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள். விமானத்தில் சுமை ஏற்றுவது லேசான வேலை இல்லையாம். ஒவ்வொரு பொருளின் எடை என்ன, அதை எந்த இடத்தில் வைப்பது என்று கணக்குப் போட வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் மூக்கு மேலே தூக்கும், விமானம் நிலைகுலையும். காண்டா வாளி சுமந்த நம் பெரியவர்களுக்கு இது உடனே புரியும். கம்பின் இரண்டு பக்கமும் பால் சமமாக இருந்தால்தான் தோள் தாங்கும். ஒரு வாளி குறைந்தால் கம்பைச் சற்று நகர்த்திப் பிடிப்பீர்கள் அல்லவா? அதே கணக்குத்தான் ஹெர்குலிஸிலும். ஆனால் அங்கே இருபது டன் பாரம்!

ஆகவே, கணக்கு எதுக்கு சார், என்று என்னைக் கேட்கும் தம்பிகளே, இதற்குத்தான். விமானி மட்டும் விமானம் ஓட்டுவதில்லை. வழி பார்ப்பவர், எஞ்சின் கவனிப்பவர், சுமை பார்ப்பவர், தரையில் திருகாணி முடுக்குபவர் என்று பல பேர் சேர்ந்தால்தான் அது பறக்கும். எஸ்.பி.எம்.மில் கணிதத்தையும் மலாய்மொழியையும் நன்றாக எழுதிய நம் பிள்ளைக்கு அந்தக் கதவைத் தட்டும் தகுதி உண்டு. தட்டுகிறவர்கள்தான் நம்மில் குறைவு.

சுமை விமானத்தால் உலகமே நினைவு வைத்திருக்கும் ஒரு மனிதரைச் சொல்கிறேன். 1948இல் பெர்லின் நகரத்துக்குப் போகும் சாலையையும் ரயிலையும் ரஷ்யர்கள் அடைத்தார்கள். இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு மாவும் நிலக்கரியும் விமானத்திலேயே போயின. அந்த விமானிகளில் ஒருவர் கெயில் ஹால்வர்சன். வேலி ஓரம் நின்ற பிள்ளைகளிடம் பேசினார். அவர்கள் ஒன்றுமே கேட்கவில்லை. கையில் இருந்த இரண்டு மிட்டாய்த் துண்டுகளைப் பிட்டுக் கொடுத்தார். கிடைக்காத பிள்ளைகள் சண்டை போடவில்லை. மிட்டாய் சுற்றிய காகிதத்தை வாங்கி மோந்து பார்த்தார்களாம். மனசு கேட்கவில்லை அவருக்கு. நாளைக்கு மேலே இருந்து போடுகிறேன், இறக்கையை ஆட்டினால் அது நான்தான் என்றார். கைக்குட்டையில் சின்னப் பாராசூட் கட்டி மிட்டாய் போட்டார். 2022இல் 101ஆம் வயதில் காலமாகும்வரை அதைத்தான் உலகம் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது. பல டன் மாவு சுமந்தவரின் பெயர் ஒரு கைக்குட்டை மிட்டாயில் நிலைத்தது.

பெற்றோர்களே, இதையெல்லாம் ஏன் சொன்னேன்? அப்பா என்ன வேலை என்று வகுப்பில் கேட்டால் சில பிள்ளைகள் குரலைத் தாழ்த்துகிறார்கள். லாரியில் மூட்டை ஏற்றுகிறார் என்று சொல்ல வெட்கம். கித்தா மரத்தில் பால் எடுத்துச் சுமந்தவர்கள் என் தாத்தா பாட்டி என்று சொல்லவும் வெட்கம். சுமப்பது கேவலமான வேலை என்று யார் அவர்களுக்குச் சொன்னது? நாம்தான் சொல்லியிருக்கிறோம், வீட்டில் நம்மைப் பற்றி நாமே தாழ்வாகப் பேசிப் பேசி. சுமந்தவர்கள் இல்லாமல் பட்டாளமும் இல்லை, பட்டணமும் இல்லை. விமானத்தில் சுமந்தாலும் தோளில் சுமந்தாலும் கணக்கும் கவனமும் வேண்டிய வேலைதான் அது.

அந்த விமானக்காரர்கள் தங்கள் கதையை வெட்கமில்லாமல், சிரித்துக்கொண்டு, பெருமையாகச் சொன்னார்கள். ஆகவே அது நிற்கிறது. நம் கதை நிற்கவில்லை. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகி வருகின்றன. லயம் போனதும் அதில் வாழ்ந்த நினைவும் போகிறது. அவசரகாலத்தில் பெரியவர்களாக இருந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலர். அன்று சிறு பிள்ளைகளாக இருந்தவர்களுக்கே இப்போது எழுபது, எண்பது வயது.

மாணவச் செல்வங்களே, இந்த விடுமுறையில் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தாத்தா, பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். தலைக்கு மேலே விமானம் பறந்த காலத்தில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், யார் சோதித்தார்கள், எதற்குப் பயந்தீர்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் பேசுகிறபடியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன். அடுத்த ஆண்டு இந்த மலரில் அவை இடம்பெற வேண்டும் என்று தலைமையாசிரியர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. அவர்களை இதுவரை சுமந்து வந்த பெற்றோருக்கு என் வணக்கம்.